வராதேயும்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. காலையில் எழுந்து வந்த குமுதா, சாப்பாட்டு மேசையில் இருந்த மெழுகுவர்த்தி வளையத்தைக் காணாமல் திகைத்து நின்றாள். மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பெட்டி வாயைத் திறந்து கிடந்தது. வளையம் பின்கட்டில், வாஷிங் மெஷின் மேல், சோப்புத்தூள் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒருக்களித்து இருந்தது. மூன்றாம் வாரத்து ரோஸ் நிற மெழுகுவர்த்தி லேசாக வளைந்துபோயிருந்தது.

"ஜெசி... வளையத்தை நீதான் எடுத்து வச்சியாம்மா?"

பெட்டிக்குள் ஸ்வெட்டர்களை அடுக்கிக்கொண்டிருந்த ஜெசிந்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆமா அண்ணி. பெட்டி வைக்க இடம் வேணாமா? இன்னும் ஆறே நாள்தான் இருக்கு. ரூபனோட துணி எங்க இருக்குன்னு கேட்டா ஷெர்லின் வாயைத் தொறக்க மாட்டேங்குது. நீங்களும் எடுத்துக் குடுக்க மாட்டேங்கறீங்க."

"குடுக்கறேன்மா. எல்லாம் துவைச்சு, மடிச்சு, ரெடியாத்தான் இருக்கு."

"மூணு நாளா இதைத்தான் சொல்றீங்க!"

குமுதா பின்கட்டுக்குப் போனாள். வளையத்தைப் பத்திரமாகத் தூக்கிவந்து டிவி மேசை மேல் வைத்தாள். வளைந்த மெழுகுவர்த்தியை உள்ளங்கைச் சூட்டில் பிடித்துப் பிடித்து நிமிர்த்தினாள். இந்த வீட்டில் கோணலாய்ப் போனவற்றை நிமிர்த்துவது அவள் வேலையாகிப் பல வருஷம் ஆகிவிட்டது.

ஜெசிந்தா, குமுதாவின் கணவன் இன்னாசியின் ஒரே தங்கை. ஷெர்லினையும் ரூபனையும் பெற்றவள். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. குமுதாவுக்குத் துளியும் கிடையாது. ஜெசிந்தாவின் கணவன் விக்டர், மேரு சாலையில் லோரி மோதிச் செத்துப்போனபோது ஷெர்லினுக்கு இரண்டரை வயது, ரூபனுக்குப் பத்து மாதம். நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. "ரெண்டே வருஷம் அண்ணி... அதுக்குள்ள பிள்ளைங்களைக் கூட்டிக்கிற மாதிரி பண்ணிடுவேன்" என்று அழுதபடி கிளம்பினாள். இரண்டு வருஷம் நாலரை வருஷமாயிற்று. நடுவில் ஒரே ஒரு தடவை வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். மற்ற நாளெல்லாம் போனில் தெரியும் முகம்தான் பிள்ளைகளுக்கு மம்மி.

பிள்ளைகள் வந்த மாதமே குமுதா பிரிக்ஃபீல்ட்ஸில் வக்கீல் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டாள். பதினோரு வருஷம் வீடு இருக்கும் கிள்ளானிலிருந்து தினமும் ரயிலேறிப் போய் வந்த வேலை. "பரவால்லங்க, ரயில் கூட்டத்துல நசுங்குறது மிச்சம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். இன்னாசியும் நம்பினார். அவர் அப்படித்தான், சொன்னால் நம்பிவிடுவார்.

இப்போது ஜெசிந்தாவுக்குச் சொந்தமாய் ஒரு வீடு, நிரந்தர வேலை, பிள்ளைகளுக்கு விசா எல்லாம் ஆகிவிட்டது. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளுக்கு மறுநாள் விமானம். அதைக் கேட்டுச் சந்தோஷப்படாத ஒரு மனுஷி இருந்தால் அவளை என்னவென்று சொல்வது? குமுதா தன்னைத்தானே அப்படிக் கேட்டுக்கொண்டாள்.

*

குமுதா பிறப்பால் கிறிஸ்தவள் அல்ல. இன்னாசியைக் கட்டிக்கொள்வதற்காக ஒரு வருஷம் பாடம் படித்து ஞானஸ்நானம் வாங்கியவள். அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. பிறவிக் கத்தோலிக்கர்களான அண்ணனுக்கும் தங்கைக்கும் டிசம்பர் என்றால் கேக்கும் புதுத்துணியும்தான். குமுதாவுக்கோ டிசம்பர் என்றால் காத்திருத்தல். படித்துத் தெரிந்துகொண்டதை அவள் ஒன்றுவிடாமல் செய்தாள்.

பக்கத்துத் திடலோரத்தில் நிற்கும் சவுக்கு மரத்திலிருந்து கிளை ஒடித்து வளையம் கட்டுவாள். ஊதா நிற மெழுகுவர்த்தி கிடைக்காவிட்டால் வெள்ளையில் ஊதாக் காகிதம் சுற்றுவாள். வாரத்துக்கு ஒன்று கூட்டி ஏற்ற வேண்டும். ஏற்றும்போது மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். கிள்ளான் புழுக்கத்தில் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டிவிடும்.

"இயேசு வர்றதுக்குள்ள நான் உருகிடுவேன் போல" என்பார் இன்னாசி.

கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தை இயேசுவின் தொட்டி வெறுமையாக இருக்கும். பிள்ளைகள் யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்தால், ஒரு ஆசையை அடக்கினால், அதற்கு ஒறுத்தல் என்று பெயர். ஒரு ஒறுத்தலுக்கு ஒரு வைக்கோல் தொட்டியில் போடலாம். கிறிஸ்துமஸுக்குள் தொட்டி மெத்தென்று நிரம்ப வேண்டும். கிள்ளானில் வைக்கோலுக்கு எங்கே போவது? குமுதா வடிகால் ஓரத்து லாலாங் புல்லை அறுத்து, வெயிலில் காயவைத்துக் கட்டுக் கட்டாக வைத்திருந்தாள்.

"அத்தை, நான் இன்னைக்கு அக்காவை ஒரு தரம்தான் கடிச்சேன். ஒரு புல்லு போடலாமா?" என்று கேட்பான் ரூபன்.

"கடிச்சதுக்குப் புல்லா? நல்லா இருக்கே கதை!"

"ரெண்டாவது தரம் கடிக்கல இல்ல!"

அதற்கு மேல் வாதாட முடியாது. ஒரு புல் போட்டுக்கொள்வான்.

இன்னொன்றும் உண்டு. மற்ற வீடுகளில் செபம் முடிந்ததும் மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பார்கள். குமுதாவால் அது மட்டும் முடியாது. விளக்கை வாயால் ஊதக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவள். ஒரு மைலோ பவுடர் டின் மூடியால் மெல்ல மூடித்தான் அணைப்பாள். ஞானஸ்நானத் தண்ணீரில் எவ்வளவோ கரைந்தது, இது கரையவில்லை. பிள்ளைகளும் அதையே பழகிக்கொண்டார்கள்.

செபம் ரொம்பச் சின்னது. ஏற்றியதும் மூன்று முறை எல்லோரும் சேர்ந்து, "வாரும் ஆண்டவரே, வாரும்!" அவ்வளவுதான். போன வாரம் ஷெர்லினின் குரல் அந்த இடத்தில் அமுங்கிப் போனதைக் குமுதா கவனித்தாள். மம்மி வரப்போகும் கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

*

சர்ச் பூசைக்குக் கிளம்புமுன், கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த இன்னாசியிடம் போய் நின்றாள்.

"என்னங்க... ஒரே ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கக்கூடாதா? ஆறு மாசம்... வெயில் காலத்துல வந்து கூட்டிக்கட்டும். ரூபனுக்குக் குளிர் ஆகாதுங்க. மழை நாள்லயே நெஞ்சு இழுக்குது..."

"எப்படிக் கேக்குறது குமுதா?" இன்னாசியின் குரல் இறங்கியது. "பெத்தவ கூட்டிட்டுப் போறேங்கிறா. வேணாம்னு சொல்ல நாம யாரு?"

இன்னாசி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எத்தனை டன் கண்டெய்னரையும் அலுங்காமல் தூக்கி வைப்பார். தங்கையிடம் ஒரு வார்த்தையைத் தூக்கி வைக்க அவரால் ஆகாது.

"நாம யாரு..." என்று குமுதா மெல்லத் திருப்பிச் சொன்னாள். "சரிதாங்க. நாம யாரு."

அவர் கையிலிருந்த துணிகளை வாங்கிக்கொண்டாள். மேலே இருந்தது ரூபனின் பள்ளிச் சட்டை. அதையும் மடித்தாள். அந்தச் சட்டை இனி யாருக்கும் தேவைப்படாது என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

*

சாயங்காலம் ஏழு மணி. வெளியே பேய்மழை. மின்விசிறியை நிறுத்தியாயிற்று. ஜெசிந்தாவும் வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் பிள்ளைகளோடு அவள் உட்காரும் முதல் திருவருகைச் செபம். காலையில் வளையத்தைத் தூக்கிப் போட்டவள், இப்போது ரூபனின் கையைப் பிடித்து நான்காவது மெழுகுவர்த்தியை ஏற்ற உதவினாள். அவள் கண் கலங்கியிருந்தது. குமுதா அதைப் பார்த்தாள். 'பாவம், இவளும்தான் எத்தனை தனியாக இருந்திருப்பாள்' என்று மனது இளகியது.

"வாரும் ஆண்டவரே, வாரும்!"

"வாரும் ஆண்டவரே, வாரும்!"

மூன்றாவது முறை சொல்லும்போது பார்த்து மழை ஒரு கணம் ஓய்ந்தது. பெரியவர்களின் குரலுக்கு அடியில் ஒளிந்திருந்த சின்னக் குரல் தனியாக, தெளிவாகக் கேட்டுவிட்டது.

"வராதேயும் ஆண்டவரே... வராதேயும்!"

எல்லோருடைய கண்ணும் ஷெர்லின் பக்கம் திரும்பியது.

"என்னா சொன்ன?" என்றாள் ஜெசிந்தா.

ஷெர்லின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஷெர்லின், உன்னைத்தான் கேக்குறேன்! என்னா சொன்ன?"

"வராதேயும்னு..."

"ஏன்?"

"இயேசு வந்தா கிறிஸ்துமஸ் வந்துரும்... கிறிஸ்துமஸ் முடிஞ்சா ஏரோப்ளேன்ல போகணும்..."

ஜெசிந்தாவின் முகம் வெளுத்துப்போயிற்று. மெல்லத் திரும்பிக் குமுதாவைப் பார்த்தாள்.

"இதான் நீங்க சொல்லிக் குடுத்த ப்ரேயரா அண்ணி?"

"ஜெசி... சத்தியமா எனக்கு—"

"நைட் டூட்டி முடிச்சுட்டு, பஸ் ஸ்டாப்ல குளிர்ல வெறைச்சுப் போய் நிப்பேன். என் பிள்ளைங்க அங்க எனக்காக ப்ரேயர் பண்ணுதுங்க, அது போதும்னு நெனைச்சுக்குவேன்... இங்க என்னடான்னா பெத்த தாய்கிட்ட போகக்கூடாதுன்னு ப்ரேயர்! சாமி முன்னால உக்கார வச்சு!"

"அம்மா ஜெசி, பிள்ளைங்க பயந்துக்கும்..."

"பிள்ளைங்க, பிள்ளைங்க! யார் பிள்ளைங்க? துணி கேட்டா எடுத்துக் குடுக்க மாட்டீங்க. போன்ல கூப்பிட்டா குளிக்குது, தூங்குதும்பீங்க. இப்பதானே புரியுது! உங்களுக்குன்னு ஒண்ணு இல்லேன்னா என்னோடதைப் பறிச்சுக்கணுமா அண்ணி?"

"ஜெசி!" என்று இன்னாசி அதட்டினார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டதே! வந்ததை எந்தக் கிரேனால் தூக்கித் திரும்ப வைக்க முடியும்?

குமுதா மைலோ மூடியை எடுத்தாள். அதற்குள் ஜெசிந்தா குனிந்து, "போதும் இந்த நாடகம்!" என்று நான்கு மெழுகுவர்த்திகளையும் ஒரே மூச்சில் 'ஃபூ' என்று ஊதி அணைத்தாள். புகை எழுந்தது. இத்தனை வருஷம் குமுதா காத்த ஒரு சின்ன விஷயம்... ஒரே மூச்சு!

ரூபன் வீறிட்டு அழ ஆரம்பித்தான். அழுதுகொண்டே ஓடிவந்து, மம்மியைத் தாண்டி, குமுதாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அந்த நேரத்தில் அவன் அங்கே வந்திருக்கக்கூடாது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

"அத்தையைத் திட்டாதீங்க மம்மி!" ஷெர்லின் எழுந்து நின்று கத்தினாள். "அத்தை சொல்லிக் குடுக்கல! நானாத்தான் சொன்னேன்! 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' ப்ரேயர்ல 'விழவிடாதேயும்'னு வருது இல்ல? அது என்னான்னு கேட்டேன். விழ விட்டுறாதீங்கன்னு சாமிகிட்ட மரியாதையா சொல்றதுன்னு அத்தை சொன்னாங்க. அப்ப வராதீங்கன்னு மரியாதையா சொன்னா வராதேயும்தான? நானா கண்டுபிடிச்சேன்... வாய்க்குள்ளதான் சொன்னேன்..."

விம்மலுக்கு நடுவே மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"வரவே வேணாம்னு சொல்லல மம்மி... கொஞ்சம் லேட்டா வந்தாப் போதும்னுதான்..."

இன்னாசி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஷெர்லின், தம்பியைக் கூட்டிட்டு உள்ளே போம்மா" என்றாள் குமுதா. குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளைகள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஜெசிந்தா இன்னும் அடங்கவில்லை. "ஏழு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் தானா தோணுதா? நம்பச் சொல்றீங்களா?"

"போதும் ஜெசி!"

இன்னாசி எழுந்து நின்றார். அவர் இப்படி நின்று ஜெசிந்தா பார்த்ததே இல்லை.

"பறிச்சுக்கிட்டான்னா சொன்ன? எதை யாரு பறிச்சாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"என்னங்க... வேணாங்க..." குமுதா பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"விடு குமுதா. இவ்ளோ நாள் வாயை மூடிட்டு இருந்தேன் இல்ல, அதான் இந்தப் பேச்சு கேக்க வேண்டியதாச்சு." தங்கையின் பக்கம் திரும்பினார். "நீ பிளேன் ஏறுன அப்ப நாங்க பிள்ளைக்காக ட்ரீட்மெண்ட்ல இருந்தோம். எட்டு வருஷம் அலைஞ்சு, ரெண்டு தடவை கெட்டுப்போயி, மூணாவது தடவை. ஊசியெல்லாம் போட்டாச்சு. இன்ன தேதிக்கு வாங்கன்னு டாக்டர் சொல்லியாச்சு. அந்த வாரம்தான் உன் மகனுக்கு டெங்கிக் காய்ச்சல்."

"டெங்கியா?" ஜெசிந்தாவின் குரல் உடைந்தது. "ரூபனுக்கா? எனக்கு யாரும் சொல்லலியே..."

"சொல்லக்கூடாதுன்னா இவ. சொன்னா நீ வேலையை விட்டுட்டு அடுத்த பிளேன்ல வந்துருவேன்னா. எட்டு நாள் ஆஸ்பத்திரியில, ஒரு வயசுப் பிள்ளையை நெஞ்சுலயே போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. டாக்டர் சொன்ன தேதி வந்துச்சு. 'போயிட்டு வந்துரு குமுதா, நான் பாத்துக்கிறேன்'னேன். 'என் கையை விட்டா அழுவான், எப்படி விட்டுட்டுப் போறது'ன்னா. போகல. அப்புறம் போகவே இல்ல. 'கையில ரெண்டு இருக்கே, இதுங்க வளரட்டும்'னா. இப்ப இவளுக்கு நாப்பத்தி மூணு. இனிமே வேணாம்னு டாக்டரே சொல்லிட்டாரு."

மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. ஜெசிந்தா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே..." என்றாள் குமுதா. அவளுக்குக் கோபம்கூட வந்தது. பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒன்றை நடுவீட்டில் கொட்டிவிட்டாரே மனுஷன்!

"அண்ணி..." ஜெசிந்தா தரையில் ஊர்ந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "அண்ணி... என்னா வார்த்தை சொல்லிட்டேன்! என் நாக்கு அழுகிப் போகணும் அண்ணி... உங்களைப் போயி..."

"சீ, எழுந்திரு. காலைப் பிடிக்கிறியே, அறிவிருக்கா?"

"பிள்ளைங்க என்கிட்ட வர மாட்டேங்குதுங்க அண்ணி... அதான்... அந்த ஆத்திரம்தான்... என் மகன் என்னைத் தாண்டி ஓடுறான் அண்ணி!"

"தெரியும்மா. பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

குமுதா அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். இரண்டு பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். இன்னாசி கதவைத் திறந்துகொண்டு வாசலில் போய் மழையைப் பார்த்து நின்றார்.

அழுகை ஓய்ந்ததும் ஜெசிந்தா மூக்கைச் சிந்திக்கொண்டு, குமுதாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"ரூபனை நீங்களே வச்சுக்குங்க அண்ணி."

"என்னது?"

"அவனுக்கு என்னைத் தெரியாது. அவனுக்கு நீங்கதான் எல்லாம். ஷெர்லினை மட்டும் கூட்டிட்டுப் போறேன். மனசாரத்தான் சொல்றேன்."

குமுதாவின் மனது 'சரி' என்றது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு நிமிஷம், ஒரு முழு நிமிஷம், அவள் மனது 'சரி, சரி' என்று கூத்தாடியது. அவனுடைய பள்ளிச் சட்டை, அவன் தூங்கும் பாய், அவன் நெஞ்சில் தேய்க்கும் தைலம் எல்லாம் இங்கேயே இருந்துவிடும்...

உள்ளே அறையில் ஷெர்லின் தம்பிக்கு ஏதோ கதை சொல்லும் சத்தம் கேட்டது. அவன் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"அக்கா சட்டை நுனியைப் பிடிச்சுக்காம அவன் தூங்க மாட்டான் ஜெசி" என்றாள் குமுதா. "அவனை இங்க விட்டுட்டுப் போனா, வளர்ந்தப்புறம் ஏன் என்னை மட்டும் விட்டுட்டுப் போனீங்கன்னு கேப்பான். அப்ப நீயும் பதில் சொல்ல முடியாது, நானும் முடியாது. அப்பனும் இல்லாத பிள்ளைங்க. ரெண்டையும் பிரிக்காதே. கூட்டிட்டுப் போ."

"அப்ப நீங்க...?"

"எனக்கு உங்க அண்ணன் இருக்காரு. அவரைப் பாத்துக்கவே நேரம் பத்தாது" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அன்று அவளுக்கு நல்லவள் என்ற பெயர் கிடைத்தது. நாத்தனார் காலில் விழுந்தாள், கணவர் வாய் திறந்தார், எல்லாம் ஆயிற்று. ஆனால் சனிக்கிழமை விமானம் சனிக்கிழமைதான். அதில் ஒரு மணி நேரம்கூட மாறவில்லை.

*

இயேசு தாமதமாக வரவில்லை. கிறிஸ்துமஸ் சொன்ன தேதிக்கே வந்தது. பூசை, கேக், புதுத்துணி, மத்தாப்பு எல்லாம் நடந்தது. குமுதா ஒவ்வொரு நாளும் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். பனி எப்படி இருக்கும், மம்மி எவ்வளவு கஷ்டப்பட்டு வீடு பார்த்து வைத்திருக்கிறாள், தினமும் போனில் பேசலாம். ஜெசிந்தாவும் மாறிப்போனாள். ரூபனுக்கு எப்படிச் சோறு பிசைய வேண்டும், எந்த இடத்தில் தைலம் தேய்க்க வேண்டும் என்று அண்ணியிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். ஷெர்லின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைக் குமுதா நம்பிவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் விமான நிலையம். பெட்டிகளைப் போட்டாயிற்று. உள்ளே போகும் வாசல் வந்தது. இதற்கு மேல் டிக்கெட் உள்ளவர்கள்தான் போகலாம். ஜெசிந்தா ரூபனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கை நீட்டினாள்.

"வாம்மா ஷெர்லின்."

ஷெர்லின் வரவில்லை. குமுதாவின் துப்பட்டாவை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரல."

"ஷெர்லின், அத்தைகிட்ட என்ன சொன்ன? நல்ல பிள்ளையா போறேன்னு சொன்னே இல்ல?"

"அத்தை, என்னை வச்சுக்குங்க அத்தை..." சத்தமே இல்லாமல் கெஞ்சினாள் குழந்தை. "நான் நல்லா படிக்கிறேன். பாத்திரம் கழுவுறேன். எதுவும் கேக்க மாட்டேன். என்னை வச்சுக்குங்க... ப்ளீஸ் அத்தை..."

"அண்ணே, ஏதாவது சொல்லுங்கண்ணே..." ஜெசிந்தா அழ ஆரம்பித்துவிட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். காவலாளிப் பெண் கடிகாரத்தைக் காட்டினாள். இன்னாசி குழந்தையின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று இறுகியது.

"வேணாம் அண்ணி. டிக்கெட்டை மாத்திடறேன். அடுத்த மாசம் பாக்கலாம்... இந்த மாதிரி இழுத்துட்டுப் போக என்னால முடியாது அண்ணி!"

அடுத்த மாதம். குமுதா கண்ணை மூடித் திறந்தாள். அடுத்த மாதம் இதே வாசல், இதே விரல்கள். அதற்குள் ரூபனுக்கும் விவரம் புரிந்துவிடும், அவனும் பிடித்துக்கொள்வான். அதன்பின் இந்தப் பிள்ளைகள் ஆயுசுக்கும் தாயை ஒரு திருடியைப் பார்ப்பது போலத்தான் பார்க்கும்.

அவள் குனிந்து ஷெர்லினின் முகத்தருகே வந்தாள்.

"கையை எடு."

அந்தக் குரலை ஷெர்லின் கேட்டதே இல்லை.

"அத்தை...?"

"கையை எடுன்னு சொல்றேன். எனக்கு அலுத்துப் போச்சு ஷெர்லின். நாலு வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் ஆக்கிப் போட்டு, துவைச்சுப் போட்டு... எனக்கும் ரெஸ்ட் வேணாமா? நான் திரும்ப வேலைக்குப் போகணும். நீங்க இருந்தா போக முடியாது."

"பொய்..."

"பொய் இல்ல. நீங்க போனாத்தான் எனக்கு நிம்மதி."

குழந்தை அவள் கண்களைப் பார்த்தாள். இந்தக் கண்ணிலிருந்து அந்தக் கண்ணுக்கு மாறி மாறிப் பார்த்தாள். குமுதா இமைக்கவில்லை. இமைத்தால் எல்லாம் கொட்டிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. யாரும் பிரிக்கவில்லை, அவையாகவே விட்டன. ஷெர்லின் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணி..." என்று ஜெசிந்தா வாயெடுத்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. உதடு துடிக்க, "இவ பெரியவளானதும் நான் சொல்லுவேன் அண்ணி... ஒண்ணுவிடாம சொல்லுவேன்..." என்றாள்.

"போம்மா. நேரமாச்சு."

குமுதா திரும்பிக்கொண்டாள். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, எதிரே இருந்த விளம்பரப் பலகையைப் பார்த்தாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. பின்னால் ரூபன், "டாட்டா அத்தை! டாட்டா மாமா!" என்று உற்சாகமாய்க் கத்தினான். அவனுக்கு அது ஊர் சுற்றிப் பார்க்கப் போகிற பயணம். அவன் குரல் தூரம் போய்த் தேய்ந்து, கூட்டத்தின் இரைச்சலில் கலந்தது.

வெகு நேரம் கழித்து இன்னாசி அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவர் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"ஏன் குமுதா அப்படிச் சொன்ன? அந்தப் பிள்ளை காலம் பூரா உன்னை என்னன்னு நெனைக்கும்?"

குமுதா விளம்பரப் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"திரும்பிப் பாத்தாளாங்க?"

"இல்ல."

"மம்மி கையைப் பிடிச்சாளா?"

"பிடிச்சா."

"சும்மாவா, இறுக்கியா?"

"இறுக்கித்தான் பிடிச்சா."

குமுதா தலையாட்டினாள். கசங்கிச் சுருண்டு போயிருந்த துப்பட்டா நுனியை நீவி விடப் போனவள், பாதியில் நிறுத்தினாள். அந்தச் சுருக்கத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

"அது போதுங்க" என்றாள். பிறகு அங்கேயே, அத்தனை பேர் நடுவில், தரையில் உட்கார்ந்துவிட்டாள்.